குறைந்த லேபிள்களைக் கொண்டு படத்தில் பொருளைக் கண்டறியக் கணினிக்குக் கற்பித்தல்: செட்டிநாட்டு வீடுகளை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை ஆகிய ஊர்களின் பழைய வீடுகளை எடுத்த படங்களிலிருந்து நிலைக்கதவு, தூண், மங்குச் சாமான், கொட்டான் என்ற பனையோலைக் கூடை முதலியவற்றைக் கணினியே கண்டுபிடித்துப் பட்டியலிடச் செய்யும் சிறு முயற்சியொன்றில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். வீடுகள் பிரிக்கப்பட்டு மரமும் கல்லும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருப்பதால், எந்த வீட்டில் என்ன இருந்தது என்பதற்குப் பல இடங்களில் படங்கள் மட்டுமே சான்றாக மிஞ்சுகின்றன. படங்கள் ஏராளம், அவற்றில் எது எங்கே என்று உட்கார்ந்து குறிப்பதற்கு, அதாவது லேபிள் போடுவதற்கு, ஆட்கள் குறைவு. உதவிக்கு வந்த மாணவர்களும், வீட்டுக்காரர்களும், கடைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படத்தில் கதவு இருக்கிறதென்று சொல்வதும், கதவு எங்கே இருக்கிறதென்று காட்டுவதும் ஒன்றுதானே தம்பி?

ஒன்றல்ல, ஆச்சி. முதலாவது வகைப்படுத்தல், அதில் படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே விடை. இரண்டாவது கண்டறிதல், அதில் கணினி ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடைத்து, அதன் பெயரையும், அந்தப் பெயரில் தனக்குள்ள உறுதியையும் (0-லிருந்து 1 வரையிலான ஓர் எண்ணாக) சொல்ல வேண்டும். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்று எடுத்த படத்தில் பன்னிரண்டு தூண்கள் தெரிந்தால் பன்னிரண்டு பெட்டிகள் வர வேண்டும். பதினொன்று வந்தாலும் தவறு, இரண்டு தூண்களை ஒரே பெட்டியில் அடைத்தாலும் தவறு.

பெட்டி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதை அளக்க ஐ.ஓ.யூ. என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். கணினி போட்ட பெட்டியும் மனிதர் போட்ட பெட்டியும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது அது, 0.5-க்கு மேல் இருந்தால் சரியென்று கொள்வது நெடுநாள் வழக்கம். இது கேட்பதற்கு எளிய இலக்காகத் தோன்றும். ஆனால் 100 புள்ளி (பிக்சல்) அகலமும் 100 புள்ளி உயரமும் உள்ள பெட்டி ஒன்று வலப்பக்கம் 20 புள்ளியும் கீழ்ப்பக்கம் 20 புள்ளியும் நகர்ந்துவிட்டாலே ஐ.ஓ.யூ. 0.47 ஆகிவிடும், கண்ணுக்கு ஏறக்குறைய சரியாகத் தெரிவது கணக்கில் தோற்றுவிடும்.

லேபிள் போடுவது என்பது பெயர் எழுதி வைப்பதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

பெயர் எழுதுவது அதில் சிறிய பங்கு. பொருளின் நான்கு விளிம்புகளையும் ஒட்டிப் பெட்டி வரைவதே நேரத்தைத் தின்கிறது. உருவத்தின் எல்லைக்கோட்டை முழுவதும் வரைவதென்றால் அதைவிடப் பன்மடங்கு நேரமாகும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாஸ்கல் வி.ஓ.சி. என்ற படத்தொகுப்பின் 20 வகைகளை வைத்து இதைக் கணக்கிட்டது. எந்தெந்த வகை படத்தில் உள்ளதென்று மட்டும் சொல்வதற்குப் படமொன்றுக்குச் சுமார் 20 விநாடி, ஒவ்வொரு வகையின் மேலும் ஒரு புள்ளி வைப்பதற்குச் சுமார் 22 விநாடி, எல்லைக்கோடுகளை முழுமையாக வரைவதற்குச் சுமார் 240 விநாடி என்று அது காட்டியது. இரண்டே விநாடியைக் கூட்டினால் பொருளின் இடமும் கிடைத்துவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெட்டியே வேண்டுமென்றாலும் வரையும் முறையை மாற்றலாம். மூலையில் தொடங்கி எதிர்மூலைக்கு இழுக்கும் வழக்கமான முறையில், வெற்றிடத்தில் உள்ள ஒரு மூலையை மனத்தால் ஊகித்துத் தொட வேண்டியிருக்கிறது. அதனால்தான் கை திரும்பத் திரும்பத் திருத்துகிறது. அதற்கு மாறாகப் பொருளின் மேல்நுனி, கீழ்நுனி, இடநுனி, வலநுனி என்று பொருளின் மேலேயே நான்கு இடங்களைத் தொட்டால் பெட்டி தானாக அமையும். 2017-இல் இம்முறையை முன்வைத்தவர்கள் ஒரு பெட்டிக்கு 7 விநாடி போதுமென்றும், பழைய முறையைவிட இது ஐந்து மடங்கு விரைவென்றும் காட்டினார்கள்.

எத்தனை படம் வேண்டும்? ஒரே ஓர் எண் சொல்லுங்கள், போதும்.

அந்த ஓர் எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். பின்னணி மாறாத இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே அளவில் வரும் பொருளுக்குச் சில டஜன் படங்களே போதுமாகலாம். கிடங்கின் இருட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் மங்குத் தூக்குகளுக்கு ஆயிரம் பெட்டிகளும் போதாமல் போகலாம்.

எண்ணுக்குப் பதிலாக ஒரு வழியைச் சொல்கிறேன். முதலில் 50 படங்களைக் குறித்துப் பயிற்சி தந்து சோதியுங்கள். பிறகு 100, பிறகு 200. ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்போது மதிப்பெண் (பொருள்களை எவ்வளவு சரியாகக் கண்டறிந்தது என்பதற்கு நூற்றுக்குப் போடும் எண்) எவ்வளவு ஏறுகிறதென்று ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த இரட்டிப்பு உழைப்புக்கு ஈடான பலனைத் தருமா என்பது தெரிந்துவிடும். பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிய சோதனைப் படங்கள் மட்டும் எல்லா முறையும் அதே படங்களாக இருக்க வேண்டும்.

நெட்டில் ரெடிமேடாக மாடல் கிடைக்கிறதே, அதற்கு நம் வீட்டுக் கதவு தெரியாதா?

மாடல் என்பது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கணினி நிரல். பெரும்பாலான இலவச மாடல்கள் 2014-இல் மைக்ரோசாஃப்ட் முன்னின்று வெளியிட்ட கோகோ என்ற படத்தொகுப்பைக் கொண்டு பயிற்சி பெற்றவை. அதில் 80 வகைகள் உண்டு. முதலில் திட்டமிட்ட பட்டியலில் 91 இருந்தன. வெளியிடும்போது விடப்பட்ட பதினொன்றில் கதவு, சன்னல், முகம் பார்க்கும் கண்ணாடி மூன்றும் அடங்கும். நிலைக்கதவும், வரிசை வரிசையாகச் சன்னலும், பெல்ஜியம் கண்ணாடியும் நிறைந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நாற்காலி, கடிகாரம், கிண்ணம், பூச்சாடி ஆகியவற்றை அந்த மாடல்கள் காட்டும். தூணையும் கொட்டானையும் காட்ட மாட்டா.

அதற்காக அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. விளிம்பு, வளைவு, மரத்தின் இழை, உலோகத்தின் பளபளப்பு ஆகியவற்றைப் பிரித்துணரும் அடிப்படைப் பார்வையை அவை ஏற்கெனவே பெற்றிருக்கின்றன. பொருளின் பெயர்களை மட்டும் நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். குறைந்த லேபிள்களோடு வேலை செய்பவர் ஒன்றுமறியாத மாடலிலிருந்து தொடங்குவதற்குக் காரணமே இல்லை.

பெட்டியே போடாமல், “இந்தப் படத்தில் கதவு இருக்கிறது” என்று மட்டும் சொல்லிக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும். ஒரு கூடை வெற்றிலையைக் காட்டி “இதில் அழுகல் இருக்கிறது” என்கிறோம். இன்னொரு கூடையைக் காட்டி “இதில் இல்லை” என்கிறோம். எந்த இலை அழுகல் என்று மட்டும் சொல்வதில்லை. பல கூடைகளை ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, “இருக்கிறது” என்ற கூடைகளில் மட்டும் தென்பட்டு “இல்லை” என்ற கூடைகளில் ஒருபோதும் தென்படாத இலை எதுவென்று பிடிபட்டுவிடும். இந்த வகைக் கற்றல் 1997-இல் மருந்து மூலக்கூறுகளை ஆராய்ந்தவர்களால் முறையாக வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் படங்களுக்கு வந்தது. படத்தைக் கூடையாகவும், படத்தில் பொருள் இருக்கக்கூடிய ஏறத்தாழ 2,000 பகுதிகளை இலைகளாகவும் கொள்ள வேண்டும்.

2016-இல் வந்த டபிள்யூ.எஸ்.டி.டி.என். என்ற முறை இதை அழகாகச் செய்தது. மாடலின் ஒரு கிளை ஒவ்வொரு பகுதியையும் பார்த்து “இது எந்த வகை?” என்று கேட்கிறது, மற்றொரு கிளை ஒவ்வொரு வகையையும் எடுத்துக்கொண்டு “இதற்கு மிகப் பொருத்தமான பகுதி எது?” என்று கேட்கிறது. இரண்டு விடைகளையும் பெருக்கி, எல்லாப் பகுதிகளையும் கூட்டினால் படம் முழுவதற்குமான விடை வருகிறது. அதை மட்டும்தான் நாம் தந்த லேபிளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம். பெட்டி என்பது இந்தக் கணக்கின் நடுவில் தானாக வந்து விழுகிறது.

விலை இல்லாமல் இது கிடைப்பதில்லை. வி.ஓ.சி. 2007 தொகுப்பில் அந்த முறை பெற்ற மதிப்பெண் 35-லிருந்து 39 வரை. முழுப் பெட்டிகளோடு பயின்ற ஃபாஸ்டர் ஆர்.சி.என்.என். என்ற மாடல் அதே தொகுப்பில் ஏறத்தாழ 70 பெற்றது. பின்வந்த முறைகள் இந்த இடைவெளியைக் குறைத்தன, ஆனால் மூடிவிடவில்லை. இன்னொன்று: “இல்லை” என்று சொல்லக்கூடிய படங்கள் நம்மிடம் இருந்தாக வேண்டும். எங்கள் தூண் படங்கள் அனைத்திலும் தூணுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தெரிந்தது. தூணில்லாத தரைப் படம் ஒன்றுகூட இல்லை. தூணைக் காட்டச் சொன்னால் மாடல் தரையையும் சேர்த்துக் காட்டியது. அதன் மேல் குற்றமில்லை; இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பை நாங்கள் தரவில்லை.

கதவைக் காட்டச் சொன்னால் கஜலட்சுமியை மட்டும் காட்டுகிறதே?

முந்தைய விடையில் சொன்ன முறைக்கு இருக்கும் பிறவிக்குறை இது. “படத்தில் கதவு இருக்கிறது” என்று உறுதிசெய்ய அதற்குக் கதவு முழுவதும் தேவையில்லை. நிலையின் மேல் உள்ள கஜலட்சுமிச் செதுக்கல் ஒன்றே போதும். வேறெதிலும் இல்லாத தனி அடையாளம் எதுவோ அதையே அது பற்றிக்கொள்கிறது. பூனையைக் கேட்டால் முகத்தை மட்டும் காட்டுவதும் இதே காரணத்தால்தான். இதற்கு எதிரான குறையும் உண்டு: வரிசையாக நிற்கும் தூண்களை ஒரே பெட்டியில் அள்ளிக்கொள்ளும், ஏனெனில் எத்தனை தூண் என்று நாம் சொல்லவே இல்லை.

2017-இல் வந்த ஓ.ஐ.சி.ஆர். முறை, உச்ச மதிப்புப் பெற்ற பகுதியோடு பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் மற்றப் பகுதிகளுக்கும் அதே பெயரைக் கொடுத்து, படிப்படியாகப் பெட்டியைப் பெரிதாக்க முயன்றது. பயன் உண்டு, ஆனால் செதுக்கலிலிருந்து கதவு முழுவதற்கும் விரிய அது போதவில்லை என்பதே எங்கள் அனுபவம். எங்களுக்குக் கைகொடுத்தது எளிய கலப்பு: பெரும்பாலான படங்களில் பெயர், பொருளின் நடுவே ஒரு புள்ளி, பத்துப் படத்துக்கு ஒன்றில் மட்டும் முழுப் பெட்டி. புள்ளிகள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகின்றன, சில பெட்டிகள் அளவைச் சொல்லிவிடுகின்றன. புள்ளிக்கு ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு சிறியதென்று இரண்டாம் கேள்வியிலேயே பார்த்தோம்.

லேபிள் இல்லாத படம் மூவாயிரம் கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது ஆகுமா?

ஆகும், குறித்த படங்களும் கொஞ்சம் இருந்தால். குறித்த படங்களில் முதலில் ஒரு மாடலைப் பயிற்றுகிறோம், அது ஆசிரியர். குறிக்காத படங்களை அதனிடம் காட்டி, அது மிக உறுதியாகச் சொல்லும் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு அதே படங்களை நிறம் மாற்றியும், மங்கலாக்கியும், ஒரு பகுதியை மறைத்தும் கடினமாக்கி மாணவர் மாடலிடம் கொடுத்து, ஆசிரியர் எளிய படத்தில் கண்டதை நீ இந்தக் கடினமான படத்தில் காண் என்று கேட்கிறோம். 2020-இல் ஸ்டாக், 2021-இல் அன்பயஸ்டு டீச்சர் ஆகிய முறைகள் இவ்வழியில் வந்தவை.

பலன் எவ்வளவு என்பதற்கு நல்ல அளவீடு உண்டு. கோகோவின் சுமார் 1,18,000 பயிற்சிப் படங்களில் 1 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1,180 படங்களுக்கு மட்டும் லேபிள் தந்தபோது சாதாரணப் பயிற்சியில் மதிப்பெண் 9; மீதிப் படங்களை லேபிள் இல்லாமலே சேர்த்து அன்பயஸ்டு டீச்சர் முறையில் பயிற்றியபோது 20-ஐத் தாண்டியது. 10 விழுக்காடு லேபிள் தந்தபோது 24 என்பது 31-க்கு மேல் உயர்ந்தது. லேபிள் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் இது இரட்டிப்பாக உதவுகிறது. லேபிள் கூடக்கூட உதவி சுருங்குகிறது.

அந்த மூவாயிரம் படங்கள் என்னென்ன என்பதையும் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவர் கொண்டுவந்த படங்களில் பெரும்பாதி கல்யாணப் படங்கள். தூண்கள் எல்லாம் வாழைமரத்துக்கும் தோரணத்துக்கும் பின்னால் ஒளிந்திருந்தன. அவற்றைச் சேர்த்தபோது மாடல் முன்னேறவில்லை, சற்றுப் பின்வாங்கியது.

ஆசிரியரே தப்பாகச் சொன்னால் மாணவரும் அதையே படித்துவிடாதா?

படித்துவிடும்; இம்முறையின் பெரிய ஆபத்து இதுவே. பர்மாவிலும் மலாயாவிலும் நம் முன்னோர் நடத்திய கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் தனக்கு மேல்நிலையில் இருந்த அடுத்தாளைப் பார்த்துத்தான் கணக்கெழுதப் பழகினான். அடுத்தாளுக்கு ஒரு தவறான வழக்கம் இருந்தால் பையனுக்கும் அது வந்துவிடும். பையன் நாளைக்கு அடுத்தாளாகும்போது அதுவே கடையின் வழக்கமாகிவிடும். இங்கும் ஆசிரியர் மாடல் திருகையை உரல் என்று ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டால், சுற்றுக்குச் சுற்று அந்த உறுதி கூடுமே தவிரக் குறையாது.

இதைக் கட்டுப்படுத்த மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள். ஆசிரியரை நேரடியாகப் பயிற்றாமல், மாணவர் கற்றதன் மெதுவான சராசரியாக மட்டும் அதை நகரவிடுவது முதல் வழி. ஒரு நாள் தடுமாற்றம் அதைக் கெடுத்துவிடாது. அடுத்து, உறுதியின் வாசலை உயர்த்தி வைப்பது: ஸ்டாக் முறையில் 0.9, அன்பயஸ்டு டீச்சரில் 0.7. மூன்றாவது நுட்பமானது. ஆசிரியர் சொல்லும் உறுதி பெயரைப் பற்றியது, பெட்டியின் பொருத்தத்தைப் பற்றியதன்று. “இது தூண்தான்” என்று 0.95 உறுதியோடு சொல்லிவிட்டுப் பாதித் தூணுக்கே பெட்டி போட்டிருக்கலாம். அதனால் அன்பயஸ்டு டீச்சர் முறை ஆசிரியரின் பெட்டிகளிலிருந்து பெயரை மட்டும் கற்றுக்கொண்டு, பெட்டியின் எல்லையை மனிதர் குறித்த படங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வகைக்கு இருபது பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். கால்மணி நேர வேலை.

எந்தப் படத்தை முதலில் குறிப்பது?

மாடல் தடுமாறும் படத்தை. 0.4-க்கும் 0.6-க்கும் நடுவே உறுதி ஊசலாடும் படங்கள், அதிகம் கற்றுத்தருபவை. ஆனால் அவற்றை மட்டுமே எடுத்தால் ஒரே இருட்டுக் கிடங்கின் நாற்பது படங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆகவே வீட்டுக்கு இத்தனை என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தில் பெரிய தூண்களை மட்டும் குறித்துவிட்டு, பின்னால் இருக்கும் சின்னத் தூண்களை விட்டுவிடலாமா?

கூடாது. புதியவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். குறிக்காமல் விட்ட இடம் கணினிக்கு வெற்றிடமன்று. “இங்கே தூண் இல்லை” என்று நாம் எழுதிக் கொடுத்ததற்குச் சமம். முன்வரிசையில் தூணென்று சொல்லிக்கொடுத்து, பின்வரிசையில் அதே தூணை இல்லையென்று மறுத்தால் மாடல் குழம்பி, எதையும் உறுதியாகச் சொல்லாமல் தயங்கத் தொடங்கும். நூறு படங்களை அரைகுறையாகக் குறிப்பதைவிட நாற்பது படங்களை முழுமையாகக் குறிப்பது நல்லது.

முழுமையாகக் குறிக்க இயலாத இடங்களுக்கு வழிகள் உண்டு. தெளிவற்ற பகுதியைச் சுற்றி “கணக்கில் கொள்ளாதே” என்று ஒரு பெட்டி போட்டுவிட்டு, அந்தப் பகுதியைத் திருத்தத்திலிருந்து விலக்கிவிடலாம். 1,200-க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட எல்.வி.ஐ.எஸ். என்ற படத்தொகுப்பு 2019-இல் வேறொரு வழியைக் கையாண்டது: ஒவ்வொரு படத்திலும் எந்தெந்த வகைகள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன என்று தனியே எழுதிவைத்து, அந்த வகைகளுக்கு மட்டுமே அந்தப் படத்தில் மதிப்பெண் போட்டது. எங்கள் பட்டியலிலும் இப்படி ஒரு பத்தியைச் சேர்த்த பிறகுதான் பழைய படங்களைத் துணிந்து பயன்படுத்த முடிந்தது.

இரண்டு பேர் குறித்தால் இரண்டு விதமாக வருகிறது. யார் செய்தது சரி?

பெரும்பாலும் இருவர் செய்ததும் சரி, விதிதான் எழுதப்படவில்லை. எங்களிடம் ஒருவர் கதவு என்றால் இரண்டு பலகைகளை மட்டும் குறித்தார். மற்றவர் நிலை, மேற்செதுக்கல், வாசற்படி எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்தார். கேட்டபோது, “நிலையில்லாமல் கதவை யார் வாங்குவார்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார், கடைக்காரர் அல்லவா. இருவரின் பெட்டிகளையும் ஒப்பிட்டதில் பல இடங்களில் ஐ.ஓ.யூ. 0.5-க்குக் கீழே இருந்தது. அதாவது மனிதர் ஒருவரின் விடையை வைத்து மற்றவரை மதிப்பிட்டால் அவரே தோற்றுவிடுவார்.

குறிக்கத் தொடங்குமுன் ஒரு பக்க விதித்தாள் எழுதுங்கள். நிலை சேருமா, பாதி மறைந்த தூணைத் தெரியும் வரையில் குறிப்பதா முழுவதையும் ஊகித்துக் குறிப்பதா, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைக் குறிப்பதா, சுவரில் வரைந்த தூண் தூணா என்பன அதில் இருக்க வேண்டும். லேபிள் குறைவாக உள்ள வேலையில் இது இன்னும் முக்கியம்: பத்தாயிரம் பெட்டிகளில் நூறு முரண்பட்டால் மற்றவை அதை அமுக்கிவிடும், இருநூறு பெட்டிகளில் நூறு முரண்பட்டால் மாடலுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமிருக்காது. நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் பெட்டி வரையும் நேரத்தைக் குறைப்போம். இந்தத் தாளை எழுதும் நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒவ்வொரு கல்லாகப் பெட்டி போட வேண்டுமா?

வேண்டாம். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றிக் கையால் செய்யும் அந்தக் கற்கள் தரையில் பதிந்த பிறகு எண்ணப்படும் பொருளாக இருப்பதில்லை. விரிந்து கிடக்கும் ஒரு பரப்பாகிவிடுகின்றன. வானம், புல்தரை, சுவர் போன்றவையும் இத்தகையவை. எண்ணக்கூடியதற்குப் பெட்டி பொருந்தும்; பரப்புக்குப் பரப்பின் எல்லையைக் குறிக்கும் பகுத்தல் முறையே பொருந்தும். எந்தப் பூவடிவம் என்று மட்டும் தெரிய வேண்டுமானால், தரையின் ஒரு துண்டை வெட்டியெடுத்து வகைப்படுத்தினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. படங்களைப் பெருக்குவதற்காக நிறத்தை மாற்றிப் பயிற்சி தருவது பொதுவாக நல்ல பழக்கம். இந்தக் கற்களுக்கு அது கேடு. வடிவம் ஒன்றாகவும் நிறம் மட்டும் வேறாகவும் உள்ள கற்களை வேறு வேறு வகையாகப் பிரித்திருந்தால், நிறத்தை மாற்றும் கணமே லேபிள் பொய்யாகிவிடும்.

எழுத்தில் சொன்னாலே கண்டுபிடிக்கிற மாடல் வந்துவிட்டதாமே? பிறகு எதற்கு இந்த லேபிள் எல்லாம்?

வந்துவிட்டது உண்மை. 2021-இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் கிளிப் என்ற மாடல், 40 கோடிப் படங்களை அவற்றின் வாசகங்களோடு சேர்த்துக் கற்றது. 2023-இல் வந்த கிரவுண்டிங் டினோ என்ற மாடல், நாம் எழுதும் சொல்லுக்குரிய பெட்டியைப் படத்தில் காட்டுகிறது. அதே ஆண்டு மெட்டா வெளியிட்ட சாம் என்ற மாடல், 1.1 கோடிப் படங்களில் 110 கோடி உருவ எல்லைகளைக் கொண்டு பயின்றது. ஒரு புள்ளி வைத்தால் பொருளின் எல்லையை வெட்டித் தரும், ஆனால் அது என்ன பொருளென்று பெயர் சொல்லாது.

இவற்றின் வலிமை ஆங்கிலத்தில் அதிகம் எழுதப்பட்ட பொருள்களில்தான். கொட்டான் என்று எழுதினால் ஒன்றும் வராது. பனையோலையில் பின்னிய வண்ணக் கூடை என்று ஆங்கிலத்தில் விரித்து எழுதினால், கொட்டானோடு சேர்த்து முறம், தட்டு, தலையிலிருக்கும் தொப்பி வரை பெட்டி விழும். ஆகவே இவற்றை முடிந்த விடையாகக் கொள்ளாமல் முதல் வரைவாகக் கொள்கிறோம்: அவை பெட்டி போடட்டும், மனிதர் திருத்தட்டும். வேலை பெருமளவு குறைகிறது. ஆனால் ஏற்கெனவே போட்டிருக்கும் பெட்டியைப் பார்க்கும் கண்ணுக்கு அது சரியென்றே தோன்றும். களைத்த மாணவர் “சரி, சரி” என்று தட்டிக்கொண்டே போவார். அதனால் சோதனைப் படங்களை மட்டும் எந்த மாடலின் உதவியுமின்றி வெற்றுப் படத்தில் குறிக்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாக வைத்திருக்கிறோம்.

சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறு வந்தது. அடுத்த ஊருக்குப் போனால் பாதிகூடத் தேறவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஒரே வீட்டின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருக்கும். ஒரே தூணை மூன்று கோணத்தில் எடுத்து, இரண்டைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் கொடுத்தால், மாடல் அந்தத் தூணை மனப்பாடம் செய்திருக்குமே தவிரத் தூண் என்றால் என்னவென்று கற்றிருக்காது. படங்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கக் கூடாது. வீடு வீடாகப் பிரிக்க வேண்டும். இயன்றால் ஓர் ஊரையே சோதனைக்கென ஒதுக்கிவையுங்கள். மதிப்பெண் விழும், அதுவே மெய்யான மதிப்பெண்.

நேற்றைவிட மாடல் இரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறது. முன்னேற்றம்தானே?

சோதனையில் எத்தனை கொட்டான்கள் இருந்தன என்று முதலில் எண்ணுங்கள். ஐம்பது என்றால் ஒரு கொட்டான் தற்செயலாகச் சிக்கினாலே கண்டுபிடித்த விழுக்காடு இரண்டு கூடிவிடும். அதே பயிற்சியை, பயிற்சி தொடங்கும்போது மாடலுக்குத் தற்செயலாக இடப்படும் எண்களை மட்டும் மாற்றி மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் நடுவே உள்ள வேறுபாடே இரண்டுக்கு மேல் என்றால் அந்த இரண்டுக்குப் பொருளில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அஞ்சறைப்பெட்டியையும் சேர்க்கச் சொல்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்தா?

மாடலை முதலிலிருந்து பயிற்ற வேண்டாம். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, மாடலின் கணக்கீட்டு அடுக்குகளில் அடிப்படைப் பார்வையைத் தருபவற்றை மாறாதபடி அப்படியே உறையவைத்துவிட்டு, பெயரையும் பெட்டியையும் சொல்லும் கடைசி அடுக்குகளை மட்டும், பழைய வகைகளிலும் புதிய வகையிலும் சம எண்ணிக்கையில் சில படங்களைக் கொடுத்துப் பயிற்றினாலே, அன்றிருந்த சிக்கலான முறைகளை மிஞ்சிவிடலாம் என்று காட்டியது. பழைய வகைகளையும் சேர்த்துத் தருவது முக்கியம். புதியதை மட்டும் காட்டினால் மாடல் தூணை மறக்கத் தொடங்கும்.

ஆனால் பழைய படங்களுக்குத் திரும்பியே ஆக வேண்டும். அடுப்படிப் படங்களில் எத்தனையோ அஞ்சறைப்பெட்டிகள் குறிக்கப்படாமல் கிடக்கின்றன. குறிக்காமல் விட்டது மறுத்ததற்குச் சமம் என்று மேலே சொன்னேன். எல்லாப் படங்களையும் மீண்டும் பார்க்கத் தேவையில்லை. புதிய மாடலை அந்தப் பழைய படங்களின்மேல் ஓட்டி, 0.2 உறுதிக்கு மேல் அது சந்தேகப்படும் படங்களை மட்டும் எடுத்துக் குறித்துவிட்டு, மற்றப் படங்களில் அஞ்சறைப்பெட்டிக்கு மட்டும் “சரிபார்க்கப்படவில்லை” என்று எழுதிவையுங்கள். எங்களுக்கு அது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையாக முடிந்தது; மூடிய அஞ்சறைப்பெட்டியையும் வெற்றிலைப்பெட்டியையும் எப்படிப் பிரிப்பது என்ற விவாதத்துக்கு மூன்றாவது ஞாயிறும் போயிற்று.